யானையும் அமானிதமும்
(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

முற்கால மன்னர்கள் நட்பின் அடையாளமாகப் பொன்னையும் பட்டையும் மட்டுமின்றி, யானை, ஒட்டகச்சிவிங்கி போன்ற அரிய உயிரினங்களையும் ஒருவருக்கொருவர் அனுப்பினர். கொடுத்தவரையும் பெற்றவரையும் நாம் அறிவோம். கொண்டுபோய்ச் சேர்த்தவரை நினைப்பதில்லை. அத்தகைய ஒருவரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விழைகிறோம்.

கி.பி. 797-இல் பிராங்கியரின் கிறிஸ்தவ மன்னர் சார்லமேன், அப்பாசியக் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதிடம் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். லான்ட்ஃபிரிட், சிகிஸ்முண்ட் ஆகிய இருவருடன் ஐசக் என்னும் யூதரும் அதில் சென்றார். ஸ்பெயினை ஆண்ட உமையாக்கள் இரு தரப்பினருக்கும் பகைவர்களாயிருந்ததே இந்நட்புக்கு ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. தூதர் இருவரும் இறந்துவிட்டனர். எஞ்சிய ஐசக்கின் பொறுப்பில் கலீஃபாவின் அன்பளிப்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று அபுல் அப்பாஸ் என்னும் பெயருடைய யானை!

வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 100 கிலோவுக்கும் மேல் தீனி வேண்டும். அதனை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றி, 801 அக்டோபரில் இத்தாலியின் போர்ட்டோ வெனரே துறைமுகத்தில் இறக்கினார் ஐசக். ஆல்ப்ஸ் மலைப்பாதையைப் பனி மூடியிருந்தது. அவசரப்பட்டால் யானை மடிந்துவிடும். ஆகவே வெர்செல்லி நகரில் குளிர்காலம் முழுவதும் தங்கினார். பனி விலகியபின் மலையைக் கடந்து, 802 ஜூலை 20 அன்று ஆஃகன் நகரில் மன்னரிடம் யானையை ஒப்படைத்தார். எட்டாண்டுகள் அங்கு வாழ்ந்த யானை, 810-இல் மன்னருடன் படையெடுப்பில் சென்றபோது, ரைன் நதிக்கு அப்பால் இறந்தது.

யானையின் மரணத்தையும் மறவாமல் குறித்து வைத்த பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்புகள், ஐசக்கைப் பற்றிச் சில வரிகளே கூறுகின்றன. அவர் பெற்ற வெகுமதி என்ன என்பது அவற்றில் இல்லை.

அன்பர்களே! அனுப்பியவர் முஸ்லிம், பெற்றவர் கிறிஸ்தவர், சுமந்தவர் யூதர். உடன் சென்றோர் மறைந்தபின், பாலையும் கடலும் பனிமலையும் கடந்து அந்த அமானிதத்தை ஐசக் காத்தார். இரு பேரரசர்களின் நட்பு, ஒரு தனிமனிதரின் நாணயத்தை நம்பியே பயணம் செய்தது. நம்மிடம் ஒப்படைக்கப்படுவது ஒரு யானையாயினும் ஒரு ரூபாயாயினும், உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பதே நம் கடமை. அதனை எவரும் எழுதி வைக்காவிடினும் சரியே.