பெயரும் சாவியும்



காஞ்சியை அடுத்த ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயிலும், அதன் அருகே பெருங்குளமும், படிவழி இறங்கிச் செல்லும் நடவாவிக் கிணறும் உள்ளன. சித்திரைப் பௌர்ணமியன்று காஞ்சி வரதராசர் நடவாவிக்கு எழுந்தருளுவார். இவற்றைத் தாத்தாச்சாரியார் என்னும் வைணவப் பெரியாரோடு இணைத்துக் கூறுவது மரபு. இவ்வூர்ச் செய்திகளைக் கணிப்பொறியில் தரவுத்தளமாக அமைக்கப் பழகும் தமிழ் மாணவர்க்கு முதல் இடர் மென்பொருளால் வருவதன்று, பெயரால் வருவது.

அப்பெரியார் ஓரிடத்தில் இலட்சுமிகுமார தாத்தாச்சாரியார். மற்றோரிடத்தில் கோடிகன்னிகாதானம் தாத்தாச்சாரியார். எழுத்து வேறுபாடுகளோ தனி. படிப்போர் ஒருவரே என்றறிவர். கணிப்பொறிக்கு எழுத்து மாறினால் ஆளும் மாறிவிடுவார். 'இவரோடு தொடர்புடையவை யாவை' என வினவினால் குளம் வரும், கிணறு விடுபட்டுப்போகும்.

ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையே உறவுசார் தரவுத்தளத்திற்கு அடிப்படை. அதன்வழி ஆட்களுக்கு ஓர் அட்டவணை, கட்டடங்களுக்கு ஓர் அட்டவணை அமைப்பர். தாத்தாச்சாரியாருக்கு 17 என எண் தந்தால் அது முதன்மைச் சாவி. நடவாவியின் வரிசையில் அவர் பெயரை எழுதாமல் 17ஐ மட்டும் இடுவர். அங்கே அது அயற்சாவி. அவருடைய பெயர் வடிவங்களுக்கு மூன்றாவதாக ஓர் அட்டவணை. ஒவ்வொரு வடிவத்திற்கும் எதிரே அதே 17. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் பேஸில் இவ்வளவையும் சில நாள் மாலைப்பொழுதுகளில் பழகிவிடலாம். சாவிகளை முறைப்படி பிணைத்துவிட்டால், நடவாவி சுட்டி நிற்கும்வரை 17ஆம் ஆளை அழிக்கவும் மென்பொருள் இசையாது.

இதன் மறுதலைதான் இலக்கிய மாணவரை வருத்துவது. அதியமானைப் பாடிய ஔவையும் ஆத்திசூடி ஔவையும் பெயரால் ஒருவர். எண்ணால் இருவராதல் வேண்டும். சங்கப் பாடல்களில் 102க்குப் பாடியோர் பெயர் தெரியவில்லை. அவற்றுக்கெல்லாம் 'பெயரறியார்' என ஒரே எண்ணைத் தந்தால் நூற்றிரண்டு பாடல் பாடிய புலவர் ஒருவர் புதிதாகப் பிறந்துவிடுவார்! அவ்விடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. செம்புலப்பெயனீரார் நிலை வேறு. அவர் பெயர் அவர்தம் பாடலின் தொடரிலிருந்தே வந்தது. ஆயினும் அவருக்குத் தனி எண் தரத் தடையில்லை.

சோழர் கல்வெட்டுப் பெயர்களைக் கணிப்பொறி கொண்டு தொகுத்து நொபுரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டனர். மூவேந்தவேளான் என்பது பலர் தாங்கிய பட்டம். இரு கல்வெட்டுகளில் அது வந்தால் ஒருவரா, இருவரா? வரிசைப்படுத்தித் தருவது பொறியின் வேலை. ஆள் யார் எனத் துணிவது ஊர், நாடு, ஆட்சியாண்டு பார்த்துப் படிப்பவர் வேலை.

ஆதலின் பெயர் அட்டவணையில் 'சான்று' என்றொரு நெடுவரிசை வேண்டும். பயிற்சி நூல்கள் இதனை வற்புறுத்துவதில்லை. இவ்வடிவம் 17ஆம் ஆளையே குறிக்கும் எனத் துணிந்தது எந்த நூலைக் கொண்டு என்பதை அங்கே எழுதிவிடலாம். நாளை ஒருவர் அது வேறு ஆள் என நிறுவினால், புதிய எண் ஒன்று தந்து அவ்வொரு வரிசையை மாற்றலாம். நடவாவியின் வரிசை அப்படியே நிற்கும்.