மாளிகை மறைந்தது, கோடுகள் நின்றன
(விழாவில் ஆற்றிய உரை)

 

இலண்டனில் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் முன்பு மாண்டேகு மாளிகை என்னும் பெருமனை இருந்தது. ரால்ஃப் மாண்டேகு என்னும் பிரபு, ராபர்ட் ஹூக் என்னும் அறிஞரைக் கொண்டு 1670களில் அதனைக் கட்டுவித்தார். 1686-இல் அது தீக்கிரையாயிற்று. அவர் மீண்டும் எழுப்பி, பிரெஞ்சு ஓவியர்களைக் கொண்டு அணிசெய்வித்தார். ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் திரட்டிய நூல்களும் அரும்பொருள்களும் 1753-இல் நாட்டுடைமையாயின. அவற்றை வைப்பதற்காக அம்மாளிகை வாங்கப்பெற்று, 1759 சனவரி 15 அன்று கட்டணமின்றித் திறக்கப்பட்டது. ஒரு செல்வர் தமக்கெனக் கட்டியது பலர்க்கும் கல்விக்கூடமாயிற்று. 1840களில் அதனையும் இடித்துவிட்டனர்.

ஆயினும் அதனை இன்றும் நாம் காணலாம். 1715-இல் காலன் கேம்ப்பெல் வெளியிட்ட 'விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ்' முதல் தொகுதியில் அதன் தரைப்படமும் முகப்பும் செப்புத்தகட்டுப் படங்களாக உள்ளன. 1808 முதல் 1810 வரை அக்கர்மன் வெளியிட்ட 'மைக்ரோகாசம் ஆஃப் லண்டன்' அதன் கூடத்தையும் படிக்கட்டையும் வண்ணத்தில் காட்டுகிறது. கட்டடத்தைப் பியூஜினும் மாந்தரை ரோலண்ட்சனும் வரைந்தனர். முன்னது அளவை உணர்த்தும். பின்னது அங்கு நடமாடிய வாழ்வை உணர்த்தும்.

செப்புத்தகட்டுக் கலை நமக்கு அயலானதன்று. கூரிய உளியால் தகட்டில் கோடு கீறுவர். மை பூசித் துடைப்பர். மை பள்ளத்தில் மட்டும் தங்கும். நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் கீறி, கரி பூசித் துடைத்ததும் இம்முறையே. வேறுபாடு ஒன்றுண்டு. ஓலை ஒரே படியாக நிற்கும். தகட்டின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தினால் நூற்றுக்கணக்கான படிகள் கிடைக்கும். ஒன்று எரியினும் மற்றொன்று எங்கேனும் எஞ்சும்.

இவ்வுண்மையை அறிந்தே நம்மவர் சாத்திரதானத்தைப் போற்றினர். ஏடுகளைப் படியெடுத்து வழங்குவதைப் புண்ணியமாகக் கொண்டனர். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையருக்கு அந்நூலின் பொருளை விளக்கித் துணைநின்றவர் கும்பகோணத்துச் சமணரே. திருப்பருத்திக்குன்றத்து ஓவியங்களை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூலை 1934-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. அவ்வோவியங்களை அறிய விழைவோர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர்.

பெரியோர்களே! நம் ஊர்களில் முற்றமும் திண்ணையும் மரத்தூண்களும் கொண்ட பழைய இல்லங்கள் ஆண்டுதோறும் குறைகின்றன. ஜினாலயத் திருப்பணியில் பழஞ்சுவர்கள் மாற்றம் பெறுகின்றன. இடிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. பங்காளிகள் பிரிவர், மரம் செல்லரிக்கும், எப்பொருளும் நிலையாது என்பதை நம் அறமே கற்பிக்கிறது. மனையின்மீது பற்று வேண்டா. ஆனால் நினைவை அழியவிடுதல் பற்றின்மை ஆகாது. அது புறக்கணிப்பே ஆகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கடப்பாரை விழுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். தரைப்படத்தை அளவுடன் வரையுங்கள். வாயில், தூண், மாடம், கல்லெழுத்து ஆகியவற்றைப் புகைப்படம் எடுங்கள். கட்டியவர் பெயரையும் ஆண்டையும் மூத்தோரிடம் கேட்டு எழுதுங்கள். மூன்று படிகள் எடுத்து, ஒன்றை இல்லத்திலும், ஒன்றை அறக்கட்டளையிலும், ஒன்றை நூலகத்திலும் வையுங்கள். இதுவும் சாத்திரதானமே.

அருகன் திருவடி போற்றி! வாழ்க அறம்!