மேய்ச்சலும் இறைச்சியும்



மாட்டிறைச்சியை உண்பவர் நம் நாட்டில் உண்டு, உண்ணாதவரும் உண்டு. அது அவரவர் வழக்கம். உண்பவர் நல்லதைத் தெரிந்து வாங்குவது எப்படி, அந்த நலம் எங்கே தொடங்குகிறது என்னும் இரண்டையும் இன்று கூற விரும்புகிறேன்.

முதலில் காணவேண்டியது நிறம். புதிதாக வெட்டிய இறைச்சி காற்றுப் பட்டதும் நல்ல சிவப்பாகும். எருமை இறைச்சி சற்றுக் கருத்திருக்கும், அது குறையன்று. ஆனால், மாட்டிறைச்சி கருத்து, கையில் ஒட்டுமானால், அந்த மாடு அறுபடுமுன் களைப்பாலும் அச்சத்தாலும் வருந்தியிருக்கலாம். தசையிலுள்ள கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு அப்போது தீர்ந்துவிடுகிறது. பின்னர் இறைச்சியில் போதிய அமிலம் உண்டாவதில்லை. அது விரைவில் கெடுகிறது. லாரியில் நெருக்கி ஏற்றி, நீரின்றி நெடுந்தூரம் கொண்டுவரும் மாடுகளுக்கு இந்நிலை நேர்வதுண்டு.

விரலால் அழுத்திய குழி உடனே நிரம்ப வேண்டும், துர்நாற்றம் கூடாது. அறுக்குமுன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் சோதித்த இறைச்சியே வாங்கத்தக்கது. நாடாப்புழுவின் இளம்பருவம் தசையில் தங்குவதுண்டு. ஆதலால் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

அடுத்தது கொழுப்பு. பசும்புல்லில் கரோட்டீன் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டு. மாட்டின் உடலில் அதில் ஒரு பகுதி கொழுப்பில் படிகிறது. ஆகவே புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாகவும், வைக்கோலையே தின்றதன் கொழுப்பு வெளுத்தும் இருக்கும். முதுமையிலும் மஞ்சள் மிகும். எருமையோ கரோட்டீனை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் கொழுப்பு வெண்மையே.

நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மாடு 10 வயது கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாகவோ, நிரந்தரமாக முடமானதாகவோ இருப்பதாகச் சான்றிதழ் பெற வேண்டும். ஆகவே இங்குக் கிடைப்பது பெரும்பாலும் முதிர்ந்த இறைச்சி. அதன் நார்த்தன்மையைப் போக்க, நீர் விட்டு, சிறு தீயில் நெடுநேரம் வேகவைப்பதே வழி.

அந்தப் பத்தாண்டுகளும் மாடு எங்கே மேய்ந்தது? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு, அறுவடை முடிந்த வயல், கோடையில் வற்றிய ஏரியின் உட்புறம் ஆகியவையே மாடுகளின் மேய்ச்சல். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருவாகத் தொடங்கியது; 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்தது; அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் ஆலைகள் பெருகப் பெருக, வயலும் தரிசும் குறைந்தன. மேய்ச்சல் இழந்த மாடு நெடுஞ்சாலைக்கும் குப்பைமேட்டுக்கும் வருகிறது. அங்கே அது விழுங்கும் பாலித்தீன் பை செரிப்பதில்லை. இரைப்பையிலேயே தங்கி, பசியைக் கெடுத்து, மாட்டை மெலிவிக்கிறது. பால் குறைகிறது; இறைச்சியும் தாழ்கிறது. நட்டம் அடைபவர் ஓரிரு மாடு வைத்துப் பிழைக்கும் எளியவரே.

இதற்குப் பரிகாரம் உண்டு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைச் சிறு நிலத்திலும் வளர்த்து, பலமுறை அறுக்கலாம். ஒரகடத்துக்குக் கிழக்கே காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய அறிவை அங்கே கேட்டுப் பெறலாம். உங்கள் ஊரில் மேய்க்கால் நிலம் எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேடு சொல்லும். அதைப் பார்த்துவிட்டு, அந்நிலம் இன்றும் புல்லோடு இருக்கிறதா என்று நேரில் சென்று காணுங்கள். நல்ல இறைச்சிக்கும் நல்ல பாலுக்கும் முதற் சோதனை அங்கேதான் நடக்க வேண்டும்.