18,000 டாலரும் ஒரு நாய்க்குட்டியும்

(அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



ஊழல் புகாரில் சிக்கிய தலைவர்கள் வாய்ச் சாமர்த்தியத்தால் எப்படித் தப்புகிறார்கள் என்று இன்று பார்ப்போம். இதற்கு அமெரிக்காவின் ரிச்சர்டு நிக்சன் நல்ல பாடம்.

1952ல் நிக்சன் குடியரசுக் கட்சியின் உபஜனாதிபதி அபேட்சகர். கலிபோர்னியப் பணக்காரர்கள் அவருடைய அரசியல் செலவுக்கென்று சுமார் 18,000 டாலர் திரட்டிக் கொடுத்த விஷயம் செப்டம்பர் 18ந் தேதி பத்திரிகையில் அம்பலமாயிற்று. அவர் விலக வேண்டும் என்ற குரல் சொந்தக் கட்சிக்குள்ளேயே எழுந்தது.

23ந் தேதி அவர் டெலிவிஷனில் தோன்றி அரைமணி நேரம் பேசினார். சொந்தச் செலவுக்கு ஒரு காசும் எடுக்கவில்லை, பணம் கொடுத்தவர்களுக்குச் சலுகை எதுவும் செய்யவில்லை என்றார். தணிக்கை அறிக்கையையும் எடுத்துச் சொன்னார். அதோடு நின்றாரா? இல்லை! தன் வீட்டுக் கடனைப் பட்டியல் போட்டார். மனைவிக்கு விலையுயர்ந்த ரோமக் கோட்டு கிடையாது, துணிக் கோட்டுதான் என்றார். டெக்சாசிலிருந்து ஒருவர் நாய்க்குட்டி அனுப்பினார், குழந்தைகள் அதன்மேல் உயிராக இருக்கிறார்கள், யார் என்ன சொன்னாலும் திருப்பித் தரமாட்டோம் என்றார்.

நாய்க்குட்டியைத் திருப்பித் தரச் சொன்னது யார்? ஒருவருமில்லை. மக்கள் பிரதிநிதியின் செலவைப் பணக்காரர்கள் ஏன் ஏற்க வேண்டும் என்பதே கேள்வி. அந்தக் கேள்வி நாய்க்குட்டியின் வாலுக்குப் பின்னால் மறைந்தது. போதாக்குறைக்கு, மோசடிக்காரர்களையும் கம்யூனிஸ்டுகளையும் விரட்டும்வரை ஓயமாட்டேன் என்று முழங்கினார். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் சாட்டுபவராக மாறிவிட்டார்!

ஆதரவுத் தந்திகள் வந்து குவிந்தன. தந்தி அடித்தவர்களை நாம் ஏளனம் செய்யக் கூடாது. கடனும் துணிக் கோட்டும் அவர்களுடைய வாழ்க்கை. ஜனங்களின் கஷ்டத்தை நிக்சன் இரவல் வாங்கி உடுத்திக் கொண்டார். அவர்கள் தங்களில் ஒருவர் என்று நம்பினார்கள். அவர் உபஜனாதிபதியானார், 1969ல் ஜனாதிபதியுமானார்.

பிறகு வாட்டர்கேட் ஊழல் வந்தது. 1973 நவம்பர் 17ந் தேதி, தான் மோசடிக்காரன் அல்ல என்று மீண்டும் ஜனங்கள் முன்னால் சொன்னார். ஆனால் இம்முறை அவருடைய அறையிலேயே பதிவான ஒலிநாடாக்கள் இருந்தன. அவற்றை ஒப்படைக்கும்படி 1974 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 9ந் தேதி பதவியை விட்டு இறங்கினார். பேச்சு காப்பாற்றியவரைச் சான்று வீழ்த்தியது.

ஆகவே தோழர்களே, எந்தத் தலைவர் கண் கலங்கிப் பேசினாலும், அவர் நம்மவரே ஆனாலும், கை தட்டுமுன் கேட்போம்: கேட்ட கேள்வி என்ன? வந்த பதில் என்ன? சான்று எங்கே?