மேலாண்மைக் கல்வியின் வாயிலில்



இந்திய மேலாண்மைக் கழகங்களில் பட்டியல் சாதியினருக்குரிய 15 விழுக்காடு இடங்கள் எவரும் ஈந்த கொடையல்ல. போராடிப் பெற்ற உரிமை. அங்குச் சேர்வதற்கான 'கேட்' தேர்வை எழுத, பட்டப்படிப்பில் நம்மவர்க்கு 45 விழுக்காடு மதிப்பெண் போதும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம்.

தேர்வில் மூன்று பிரிவுகள்: ஆங்கிலம், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம். ஒவ்வொன்றிலும் தனித்தனியே குறைந்தபட்சத் தகுதி காண்பர். கணிதத்தில் சிறந்தவரும் ஆங்கிலத்தில் தவறினால், மொத்த மதிப்பெண் கைகொடுக்காது. தமிழ்வழி பயின்ற நம் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். ஆகவே, ஓராண்டு முன்பே நாள்தோறும் ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்தைப் படித்து, அதன் கருத்தைச் சொந்த நடையில் எழுதிப் பழகுங்கள். சாதிச் சான்றிதழை விண்ணப்பத்துடனேயே அளிக்க வேண்டுமாதலால், அதனை முன்கூட்டியே பெற்று வையுங்கள்.

நேர்காணலில் தந்தையின் தொழிலைச் சொல்ல நாணாதீர்கள். நாட்கூலியைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்திய உங்கள் தாயின் வரவு செலவுக் கணக்கே நீங்கள் கற்ற முதல் மேலாண்மைப் பாடம்; அதனைத் தெளிவாக எடுத்துரையுங்கள்.

இடம் பெற்றவர்களே, விடுமுறையில் ஊர் திரும்புங்கால் அடுத்த தம்பி தங்கையர்க்கு ஒரு மாதிரி நேர்காணலேனும் நடத்துங்கள்.