மின்தொழிலாளர் குடியேறத் தக்க நகரம்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் பிள்ளைகளிற் பலர் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு மின்தொழில் கற்று வெளிவருகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆனால், சான்றிதழ் கைக்கு வந்ததும் பெற்றோர் சிறிதும் ஆலோசியாது பையனைச் சென்னைக்கு அனுப்பிவிடுகின்றனர். பட்டணத்திலே கூலி அதிகம் என்பது அவர்கள் கூறும் நியாயம். கூலி அதிகம் என்பது மெய்யே. ஆயினும் கூலியை மாத்திரம் நோக்கி ஊரைத் தெரிந்தெடுத்தல் விவேகமாகாது என்பதே யாம் இன்று விண்ணப்பித்துக்கொள்வது.

உதாரணமாக ஒரு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம். ஒருவன் மாதம் 25,000 ரூபாய் ஈட்டுகிறான். வாடகை 9,000, பிரயாணம் 2,500, உணவும் பிறவும் 11,000 போக அவனுக்கு மிஞ்சுவது 2,500. மற்றொருவன் ஈட்டுவது 20,000 தான். வாடகை 5,000, பிரயாணம் 1,000, பிற செலவு 9,000 போக மிஞ்சுவது 5,000. இவ்விருவருள் எவன் பாக்கியசாலி? இல்லறக் கணக்கு அறிந்த நம் சகோதரிகளே விடை கூறட்டும்.

அன்றியும், சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் உண்டு. வேறு உடன்படிக்கை இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாதென்பது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். இதனை அறியாது, தாயாரின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. முதல் மாதத்திலேயே கடனாளியாகும் வாலிபன் தொழிலில் எங்ஙனம் முன்னேறுவான்?

அடுத்து, வேலையின் வகையையும் நோக்கவேண்டும். 1932இல் பைக்காராவின் நீர்மின்சாரம் கிடைத்தது முதல் கோயமுத்தூரில் ஆலைகள் பெருகின. பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகள் வளர்ந்தன. ஆதலின் அங்கே வீட்டு ஒயரிங்கோடு நில்லாமல், மோட்டாருக்குக் காயில் கட்டுதல், பானல் போர்டு அமைத்தல் ஆகியவற்றையும் ஒருவன் கற்கலாம். திருச்சிராப்பள்ளியில் 1960களில் திருவெறும்பூரில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து சிறு தொழிற்கூடங்கள் பல உண்டாயின. ஆனால் கொதிகலன் ஆர்டர் குறையுங்கால் அக்கூடங்களும் சோர்வடையும். அங்குச் செல்வோர் வீட்டு வேலையையும் கைவிடலாகாது. ஓசூரிலோ தொழிற்சாலைகள் மிகுதி, பெங்களூரும் அருகிலுள்ளது. சென்னையை யாம் இகழவில்லை. லிப்ட், பெரிய ஏ.சி. முதலிய விசேஷ வேலைகளைக் கற்க விரும்புவோர்க்கு அது தக்க இடமே.

இன்னுமொரு விஷயம். மின்கம்பியாளர் தகுதிச் சான்றை நம் நாட்டில் வழங்குவது தமிழ்நாட்டு மின் உரிமம் வழங்கும் வாரியம். கர்நாடகத்திற்கு வேறு அதிகாரிகள் உளர். எனவே, ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை ஒப்புக்கொள்வோர் தம் சான்று அங்கே செல்லுமா என்பதை முன்னரே விசாரித்தல் அவசியம். சான்றில்லாதவன் எந்நகரிலும் பிறர்க்குக் கீழ்க் கூலியாளாகவே நிற்பான். சான்றுடையவனோ ஒருநாள் தானே ஒப்பந்தக்காரனாகலாம்.

ஆதலால் பெற்றோர்களே, ஊரை நிச்சயிக்குமுன் வாடகை, முன்பணம், பட்டறைக்குள்ள தூரம், கற்கக்கூடிய வேலை, மிஞ்சும் பொருள் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்நகரங்களில் வாழும் நம் அங்கத்தினர்களே, புதிதாக வரும் பையனுக்கு இரண்டு மாதமேனும் தங்க இடமளித்து, நேர்மையான மேஸ்திரி ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். நன்கொடைச் சீட்டில் எழுதும் தொகையினும் இவ்வுதவி பெரிது. இதனைச் சங்கம் தன் கடமையாக மேற்கொள்ளுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.