மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல அப்பப்போ ஒரு மெசேஜ் வரும்: "செப்டிக் டேங்க் நிரம்பிடுச்சு. யாராவது ஆள் தெரியுமா?" இன்னைக்கு அந்த "ஆள்" பத்திதான் பேசப்போறேன்.

தொட்டிக்குள்ள கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அந்த வாயு. காத்தை விட கனம், அதனால கீழேயே தேங்கி நிக்கும். உள்ளே இறங்கி சேறைக் கிளறினா திடீர்னு கிளம்பும். "இப்போ நாத்தமே இல்ல, இறங்கலாம்"னு சொல்றது ரொம்ப ஆபத்து. ஏன்னா சுமார் 100 பிபிஎம் தாண்டினா, கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போயிடும். சர்வர் எரியுற நேரம் பார்த்து அலர்ட் சைலன்ட் ஆன மாதிரி. சில பேர் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பாங்க. உள்ளே மீத்தேனும் இருக்கும், வெடிச்சிடும்.

முதல்ல இறங்கினவர் மயங்கி விழுந்ததும் கூட வந்தவர் காப்பாத்தக் குதிப்பார். அவரும் விழுவார். ஒரே தொட்டியில ரெண்டு மூணு பேர் செத்தாங்கன்னு செய்தி வருதே, பல நேரம் இப்படித்தான் நடக்குது.

2013-லயே இதுக்குச் சட்டம் வந்தாச்சு. பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கினா, முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. சாக்கடையில இறக்கிற குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு.

அதனால பிளான் மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே முடியணும். உறிஞ்சுற லாரியைக் கூப்பிடுங்க, 14420-க்கு போன் பண்ணலாம். குழாய் மட்டும் உள்ளே போகட்டும். "அடியில கொஞ்சம் சேறு இருக்கு சார், இறங்கி அள்ளிடறேன்"னு சொன்னா, வேண்டாம்னு சொல்லுங்க. கூட 500 ரூபாய் கேட்டுத்தான் அவர் அப்படிச் சொல்றார். நாம தலையாட்டினா இறங்கிடுவார். கேஸ் மீட்டர், ப்ளோயர், உடம்புல பெல்ட்டும் கயிறும், மேல காவல், பயிற்சி எடுத்த குழு, இதெல்லாம் இல்லாம யாரும் இறங்கக் கூடாது. அதை முடிவு பண்றது அசோசியேஷன் செக்ரட்டரி வேலையும் இல்ல.

யாராவது உள்ளே விழுந்துட்டா நீங்க இறங்காதீங்க. உடனே 112-க்கு அடிச்சு, தீயணைப்புத் துறையை வரச் சொல்லுங்க.

அடுத்த தடவை குரூப்ல "ஆள் தெரியுமா?"ன்னு வந்தா, "லாரி நம்பர் தரவா?"ன்னு நீங்க முதல்ல ரிப்ளை போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.